ஒரு கதவு வெளுப்பு, ஒரு கதவு கறுப்பு: மர மினுக்கம் கேள்வி பதில்

தக்கலை: ஒரே தடியில் அறுத்த பலகையில் இரட்டைக் கதவு. ஒன்று வெளுப்பாகவும் ஒன்று கறுப்பாகவும் தெரிகிறது; எதிர்ப்பக்கம் போய் நின்றால் மாறிவிடுகிறது. ஆசாரி ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. மரம் என்பது நெடுக அடுக்கிய நுண்குழாய்கள். இழைப்புளி குழாயை நீளவாக்கில் பிளந்தால், வழவழப்பான சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். குழாய் சாய்ந்து வெட்டுப்பட்டால் அதன் வாய் திறந்து நிற்கும். அதற்குள் புகுந்த வெளிச்சம் பெரும்பாலும் வெளியே வராது, அந்த இடம் கறுக்கும். உங்கள் ஆசாரி அடுத்தடுத்த பலகைகளைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்துப் போட்டிருக்கிறார். அதனால் ஒன்றில் நார் உங்களை நோக்கிச் சாய்கிறது, மற்றதில் விலகிச் சாய்கிறது. பாலிஷ் மாற்றினாலும் இது போகாது. விரிக்காமல் பக்கவாட்டில் நகர்த்தி வைத்திருந்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்திருக்கும். பொரசு (முதிரை) மரத்தில் நார் சில காலம் வலமாகவும் சில காலம் இடமாகவும் முறுக்கி வளரும். அதை ஆரவாக்கில், அதாவது தடியின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி, அறுத்தால் பட்டை பட்டையாக மினுங்கும். இழைக்கும்போது பிய்த்துக்கொண்டு வந்து உயிரை எடுப்பதும் அதே நார்தான்.

மார்த்தாண்டம்: எந்த வார்னிஷ் நல்லது அண்ணே?

கடையில் கேளுங்கள். உப்புத்தாளை மட்டும் நாருக்குக் குறுக்கே தேய்க்காதீர்கள்.

கருங்கல்: எண்ணெய் தடவியதும் மரம் ஆழமாகத் தெரிகிறதே, ஏன்?

காய்ந்த பரப்பின் குழிகளில் காற்று இருக்கும். வெளிச்சம் மேலேயே சிதறிப்போகும். எண்ணெய் ஒளியை வளைக்கும் அளவு மரக்குழாயின் சுவர் வளைக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட வரும். குழி நிரம்பியதும் சிதறல் குறைகிறது. வெளிச்சம் உள்ளே இறங்கி அடிச்சுவரில் பட்டுத் திரும்புகிறது.

குலசேகரம்: ரப்பர் மரத்துக்கு மினுக்கம் வருமா?

இயல்பாகவே குறைவு. துளையை அடைத்துப் பூசலாம். முதலில் பூச்சி மருந்து ஏற்றுங்கள். உப்புத்தாள், மறுபடியும், நார் போகும் திசையில்.

நாகர்கோவில்: பத்மநாபபுரம் அரண்மனைத் தரை கண்ணாடிபோல் இருக்கிறதே, அது என்ன மரம்?

மரமே இல்லை. கரித்த சிரட்டை, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்த சாந்து என்று சொல்வார்கள்.

குளச்சல்: இல்லை சார், வீட்டி (ரோஸ்வுட்) மரம்தான். நேரில் பார்த்திருக்கிறேன்.

நாரைக் காட்டுங்கள். மரமாக இருந்தால் நடக்க நடக்க வெளுப்பும் கறுப்பும் மாற வேண்டும். அந்தத் தரை எந்தப் பக்கம் நின்றாலும் ஒரே கறுப்பு.

திங்கள்சந்தை: அப்போ அங்கே தூண்?

அது மரம்தான். அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாவில் கடைந்த தூணைப் பாருங்கள். அறுத்த புதிதில் பலா மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டுப்பட்டுச் செம்பழுப்பாகும்.

குளச்சல்: தரையும் பலாவாக இருக்கலாமே?

சாந்து என்று சொன்னேன். அடுத்த கேள்வி மரத்தைப் பற்றி இருக்கட்டும்.

இரணியல்: சார், எந்த வார்னிஷ் நல்லது?

மார்த்தாண்டத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.