மார்பக அறுவைக்குப் பிறகு கையை எப்போது தூக்கலாம்?
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து பத்து நாள், கையை அசைக்கவே பயப்படுகிறார் என்கிறீர்கள். அசைக்காமலே வைத்திருந்தால் தோள்பட்டை இறுகிவிடும். விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகளைப் பொதுவாக மறுநாளே தொடங்கலாம். வடிகுழாயை (காயத்தில் சேரும் நீரை வெளியேற்ற வைத்த குழாய்) எடுக்கும்வரை கை தோள் உயரத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு, மருத்துவர் சரி என்றதும், சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சுவரில் வைத்து மெல்ல மேலே நகர்த்தட்டும். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த வாரம் கோடு உயர்ந்திருந்தால் அவர் முகமே மாறும்! இழுப்பு தெரியலாம், சுருக்கென்ற வலி கூடாது. அக்குளில் கயிறு போலப் புடைத்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். எடை தூக்கினால் கை வீங்கும் என்பது பழைய பயம். மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்டினால் வீக்கம் மோசமாவதில்லை என்று 2009-இல் வெளியான ஆய்வே காட்டியது. கை கனத்தாலோ மோதிரம் இறுகினாலோ மட்டும் தாமதிக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.