இள வயதில் ஓயாத அசதி, தலைசுற்றல், தாகம்: டாக்டர் பதில்கள்

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 19 வயது. ஹாஸ்டலில் இருந்து லீவுக்கு வந்திருக்கிறான். எந்நேரமும் அசதி. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறான், ராத்திரி நாலைந்து தடவை பாத்ரூம் போகிறான். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. உடம்புச் சூடு என்று இளநீரும் ஜூஸும் கொடுக்கிறேன். சரிதானே?

பதில்: அம்மா, ஜூஸை இப்போதே நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கட்டும். இன்றைக்கே பக்கத்து லேபில் ரத்தச் சர்க்கரை பாருங்கள். காலை வெறும் வயிறு வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த அறிகுறிகளோடு எந்த நேரத்தில் எடுத்தாலும் 200ஐத் தொட்டால் அது சர்க்கரை நோய்தான்.

ரத்தத்தில் தேங்கிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. தாகம் அதனால்தான். இன்சுலின் இல்லாமல் சர்க்கரை செல்லுக்குள் போகாது. உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பிழைக்கப் பார்க்கிறது. பேண்ட் தளர்வது அதனால். 'எங்கள் வீட்டில் யாருக்கும் சுகர் இல்லையே' என்பார்கள். இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் டைப் 1 சர்க்கரை நோய் வருவதற்குக் குடும்பத்தில் யாருக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி: அதே அம்மாதான் டாக்டர். லேபில் 386 காட்டியது. லேசாக வயிறு வலி என்கிறான். காலையில் கூட்டிப் போகட்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா, இப்போதே கிளம்புங்கள். உள்நோயாளியாகச் சேர்க்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், கீட்டோன் (கொழுப்பு கரையும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி, ஆழமாக மூச்சு வாங்குவது, மூச்சில் பழ வாடை, தூங்கி விழுவது என்று ஏதாவது தெரிந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். இதற்கு இன்சுலின்தான் மருந்து. கஷாயம், பொடி என்று ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

கேள்வி: மேடம், நான் காலேஜ் செகண்ட் இயர். படியேறினால் மூச்சு வாங்குகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ஐஸ்கட்டி மென்றுகொண்டே இருக்கத் தோன்றுகிறது. ஹீமோகுளோபின் 9.4.

பதில்: அந்த ஐஸ்கட்டி ஆசையைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் அடிக்கடி பார்ப்பது அது. பெண்களுக்கு 12க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இது இருந்தது. எல்லோருக்கும் இருக்கிறது என்பதற்காக இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

மாதவிடாய் எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போகிறதா என்பதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் போகும் வழியை அடைக்காமல் மாத்திரை மட்டும் போட்டால் மறுபடி இறங்கும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் எடுங்கள். இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடு போடாதீர்கள். எலுமிச்சைச் சாறோடு போடலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். நிறையப் பேர் பாதியில் விடுவது இங்கேதான்.

கேள்வி: வயது 26, நைட் ஷிப்ட். பஸ்ஸில் நின்றால் தலை கிறுகிறுக்கிறது. சுகர், ரத்தம் எல்லாம் நார்மல்.

பதில்: படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிபி பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால் அதுதான் கிறுகிறுப்புக்குக் காரணம். பிபி இறங்காமல் நாடித்துடிப்பு மட்டும் பத்து நிமிடத்துக்குள் 30க்கு மேல் கூடி, இது மாதக்கணக்கில் தொடர்ந்தால் இதய டாக்டரைப் பாருங்கள். சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு காபியில் ஓட்டுகிறீர்களா? முதலில் அதை மாற்றுங்கள்.

கேள்வி: மாஸ்டர் செக்கப் எடுத்துவிடலாமா?

பதில்: தேவையில்லை. ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனைகள் போதும். அசைவம் சாப்பிடாதவர்கள் வைட்டமின் பி12 பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும். எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் கெட்டிருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.