காசல்ரீயில் 14 அடிப் பாய்ப்படகுக்கு இறங்குதுறை

வணக்கம் சகோதரம். இலங்கை மலைநாட்டிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் உங்கள் படகுக்குத் தூண் நட்டு மூன்றடி உயரத்தில் பலகை மேடை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது மின்சாரத்துக்காகத் தேக்கிய தண்ணீர். தென்மேற்கு மழையில் நிரம்பும், வறட்சியில் பல மீற்றர் இறங்கும். இன்றைக்கு மூன்றடியாக இருக்கிற மேடை மாசி, பங்குனியில் சேற்றுக்கு மேலே தனியாக நிற்கும். நுவரெலியா கிரகரி வாவி போல மட்டம் பெரிதாக மாறாத இடமென்றால் தூண் மேடை சரிவரும். உங்களுக்குத் தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவை மேடைதான்.

உயரத்தைப் படகே சொல்லும். பாயும் சாமான்களும் ஏற்றியபின், நீர்மட்டத்திலிருந்து படகின் விளிம்பு வரை அளவுங்கள். இந்த அளவுப் படகில் பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள் இருக்கும். மேடை அதற்குச் சமமாக, அல்லது இரண்டு மூன்று அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். உயர்ந்தால் அலையில் விளிம்பு மேடைக்கு அடியில் போய் மாட்டும். மேலிருந்து ஓரத்தில் கால் வைத்தால் படகு சரியும், பிள்ளைகளோடு போகிற உங்களுக்கு அதுதான் என் பெரிய கவலை.

மேடையை மிதக்கவைக்க 200 லீற்றர் பீப்பாயைப் படுக்கவைத்து, அது பாதி அமிழ்ந்தால், மேலே ஏறத்தாழ ஓரடி நிற்கும். அதன்மேல் மரச்சட்டமும் பலகையும் அடுக்கினால் உயரம் கூடிவிடும். ஆகவே சட்டத்தைப் பீப்பாய்களின் பக்கவாட்டில் இறக்கிக் கட்டுங்கள். இரண்டு பேர் ஏறி நிற்கும்போது எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்த பிறகே பலகை அடியுங்கள்.

மேடை தண்ணீரோடு ஏறி இறங்க வசதியாக, கரைக்குப் போகும் பாலத்துக்குக் கீல் போடுங்கள், நங்கூரச் சங்கிலியை நீளமாக விடுங்கள். வேலை தொடங்கமுன் நீர்த்தேக்கத்தை நிர்வகிக்கிற மின்சார நிறுவனத்திடம் அனுமதி கேளுங்கள்.