டோக்ரா யானையைப் புளி போட்டுத் துலக்கலாமா?

கேள்வி: சத்தீஸ்கரின் கொண்டாகாவில் வாங்கிய, டோக்ரா என்னும் மெழுகு வார்ப்புப் பித்தளை யானையைக் குத்துவிளக்கைப் போலவே புளியும் உப்பும் போட்டுத் துலக்கினேன். ஒரே மாதத்தில் வரிகளின் இடுக்கில் பச்சை பூத்துவிட்டது. வயிற்றடித் துளையிலிருந்து கரிய மண்ணும் உதிர்கிறது. இது போலியா? மண்ணைச் சுரண்டி எடுத்துவிடலாமா?

பதில்: சுரண்ட வேண்டாம். அந்த மண் கலப்படம் அன்று. யானை பிறந்ததே அதன்மேல்தான்.

கொண்டாகாவ் அடங்கிய பஸ்தர் வட்டாரத்தில் உலோகம் வார்க்கும் கட்வா கைவினைஞர்கள் முதலில் யானையை மண்ணால் சற்றுச் சிறிதாகப் பிடித்து உலர்த்துவார்கள். பிறகு தேன்மெழுகை நூலாக இழுத்து, இழையோடு இழை ஒட்டும்படி அதன்மேல் சுற்றுவார்கள். கண், காது மடல், முதுகுப் போர்வையின் விளிம்பு எல்லாமே மெழுகு இழைகள்தாம். அதன்மேல் நைசான மண்ணையும் பின்னர் முரட்டு மண்ணையும் பூசிச் சூளையில் சுடும்போது மெழுகு உருகி மறைய, அது விட்டுச்சென்ற இடைவெளியில் உருக்கிய பித்தளை பாய்ந்து நிறையும். ஆறியதும் மேல்மண்ணை உடைத்துவிடுவார்கள். உள்மண் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். சுவாமிமலைப் படிமங்களும் மெழுகு வார்ப்பே என்றாலும் அவை பெரும்பாலும் கட்டியாக வார்க்கப்படுபவை. உங்கள் யானையோ சுட்ட மண்ணைப் பொதிந்த பித்தளை ஓடு.

தவறு நேர்ந்தது இங்கேதான். குத்துவிளக்கைக் கழுவித் துடைத்தால் உப்பும் புளிப்பும் போய்விடும். டோக்ராவில் அந்த நீர் இழைகளின் இடுக்கில் தேங்குவதோடு துளை வழியே இறங்கி மண்ணிலும் ஊறுகிறது. ஈரமும் உப்பும் மெல்லக் கசிந்து பித்தளையிலுள்ள செம்பைத் தின்ன, களிம்பு பூக்கிறது.

முதலில் உலர்ந்த மென்தூரிகையால் பச்சைத் தூளைத் தட்டி எடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால், துளைக்குள் நீர் இறங்காதபடி, ஒவ்வொரு வரியையும் ஒற்றி எடுங்கள். பஞ்சில் பச்சை ஒட்டுவது நிற்கும் வரை இதைச் செய்யலாம். பின்னர்ச் சில நாள் இளவெயிலில் வையுங்கள். முழுவதும் உலர்ந்த பிறகே தேன்மெழுகை மிக மெல்லிதாகத் தேய்த்து, துளை வாயையும் சிறு மெழுகு உருண்டையால் அடைக்கலாம். ஈரம் இருக்கும்போதே அடைத்தால் அது உள்ளேயே சிறைப்படும். வெளிர்பச்சைத் தூள் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் பூத்தால், உலோகப் பாதுகாப்பு அறிந்தவரிடம் காட்டுங்கள்.

போலியா என்ற ஐயத்துக்கு வயிற்றையும் கால்களையும் தடவிப் பாருங்கள். இரு பாதி அச்சுகள் கூடிய நேர்க்கோட்டுத் தழும்பு ஓடினாலோ, கடையில் அச்சு அசலாக ஒரே யானை வரிசையாக நின்றிருந்தாலோ ஐயப்படலாம். ஒவ்வொரு வார்ப்புக்கும் அச்சை உடைத்தாக வேண்டியிருப்பதால் டோக்ராவில் இரட்டைப் பிறவி கிடையாது. நிறத்தில் திட்டுத்திட்டாக வேறுபாடு தெரிவது குறையன்று. பழைய பாத்திர உடைசலை உருக்கி வார்ப்பதும் வழக்கமே.

இனிப் புளி வேண்டாம், உலர்ந்த பருத்தித் துணி போதும். கை படும் முதுகும் தும்பிக்கையும் தாமே மெருகேறும். இடுக்குகள் கருத்தே இருக்கட்டும், அந்தக் கருமையில்தான் மெழுகு இழைகள் தனித்தனியே எடுத்துத் தெரியும்.