ஹீலியம் வேகன் மாடல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஹீலியம் வாயுவை ஏற்றிச் சென்ற அமெரிக்க ரயில் வேகனில் ஒரே டேங்க் இல்லாமல் ஏன் இத்தனை குழாய்கள்? மாடலில் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஹீலியம் திரவமாக மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர வேண்டும். அது கடினம் என்பதால் அந்தக் காலத்தில் அதை வாயுவாகவே அழுத்தி அடைத்து அனுப்பினார்கள். விட்டம் பெருகினால் அதே அழுத்தத்துக்குச் சுவரும் தடிக்க வேண்டும். அதனால் விட்டம் குறைந்த, பற்றவைத்த மூட்டு இல்லாத எஃகுக் குழாய்களை அடுக்கினார்கள். தொடக்க கால வேகன்களில் 3 பருத்த குழாய்கள். பிறகு வந்தவற்றில் 28 அல்லது 30. வெளியே தெரியும் குழாய்களில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள், இந்த வேகனின் அழகே அதுதான். நடுவில் மறைந்திருப்பவற்றை விட்டுவிடலாம். அந்த இடம் எடை வைக்க உதவும்.

கேள்வி: ஹெச்ஓ அளவில் (1:87) குழாய்களை அடுக்கினால் கோணலாகிறது. சரியான முறை என்ன?

பதில்: முனைத் தகடுகள் இரண்டையும் 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி, டேப்பால் ஒன்றாக ஒட்டி, சேர்த்தே துளையிடுங்கள். தனித்தனியாகத் துளைத்தால் அரை மி.மீ. பிசகுகூடக் குழாயைச் சாய்த்துவிடும். முதலில் 1 மி.மீ. துளை, பிறகு துளையை அகலமாக்கும் ரீமரால் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துங்கள். ஒரேயடியாகப் பெரிய டிரில்லைச் செலுத்தினால் ஸ்டைரீன் உருகி விளிம்பு கிழியும்.

பெயிண்ட் முதலில், பொருத்துவது பிறகு. அடுக்கிய பின் ஸ்ப்ரே இடுக்குகளுக்குள் போகாது. திரவப் பசையைத் தூரிகை நுனியால் தொட்டு வைத்தால் போதும், இடுக்கில் தானே ஊறிப் பரவும். குழாயின் இரு முனைகளையும் மூடிவிட்டால் பசையின் ஆவி உள்ளே சிக்கி, நாள்கள் கழித்துப் பிளாஸ்டிக்கை இளக்கி வளைக்கும். அடிப்பக்கம் சிறு துளை விடுங்கள். வால்வுகள் அடங்கிய பெட்டி ஒரு முனையில் மட்டும் வரும்.

கேள்வி: வளைவுகளில் தடம் புரள்கிறது. எவ்வளவு எடை வேண்டும்?

பதில்: அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ ஹெச்ஓவுக்குப் பரிந்துரைப்பது: அடிப்படை 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். 40 அடி வேகன் 1:87 அளவில் சுமார் 14 செ.மீ., அதாவது ஐந்தரை அங்குலம். கணக்கு 3.75 அவுன்ஸ், ஏறக்குறைய 106 கிராம். எடையைக் கீழ் வரிசையில் வையுங்கள். மேலே வைத்தால் வளைவில் சாயும். எடைக்கு எஃகுக் கம்பியைவிடப் பித்தளைக் கம்பி நல்லது, ஏனெனில் வேகன்களை இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றத் தண்டவாளத்துக்கு நடுவே வைக்கும் காந்தம் எஃகை இழுக்கும்.

எடை சரியாக இருந்தும் புரண்டால் போகியின் (வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) திருகுகளைப் பாருங்கள். ஒரு போகி பக்கவாட்டில் ஆடாமல் திரும்ப மட்டும் வேண்டும். மற்றது சற்றுத் தளர்ந்து எல்லாப் பக்கமும் அசைய வேண்டும். இரண்டும் இறுகியிருந்தால், தண்டவாளம் சற்று முறுக்கியிருக்கும் இடத்தில் ஒரு சக்கரம் தூக்கிவிடும்.

கேள்வி: ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து நிரப்பலாமா?

பதில்: கூடவே கூடாது. பிவிஏ எனும் அந்த வெள்ளைப் பசையோடு ஈயம் வினைபுரிந்து மெல்ல உப்பும். மாதங்களோ வருடங்களோ கழித்து வேகனின் உடலே வெடித்துப் பிளக்கும். எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலக்கும் பசை) பயன்படுத்துங்கள். ஈயத்தைத் தொட்டபின் கை கழுவுங்கள்.

கேள்வி: ஏற்றிய வேகன், காலி வேகன் என்று இரண்டு மாடல் வேண்டுமா?

பதில்: ஒன்றே போதும். ஹீலியம் அவ்வளவு லேசு. நிரம்பிய வேகனும் காலி வேகனும் எடையில் ஓரிரு டன்தான் வேறுபடும், ஸ்பிரிங் தாழ்ந்ததே கண்ணுக்குத் தெரியாது. டெக்சஸின் அமரில்லோ ஹீலியம் ஆலை 1929இல் இயங்கத் தொடங்கியது. ஹீலியம் நிரப்பிய கடற்படை ஆகாயக்கப்பல்கள் நின்ற லேக்ஹர்ஸ்ட் தளம் நியூஜெர்சியில். உங்கள் லேஅவுட்டில் இந்த இரண்டு முனைகளுக்கிடையே அதே வேகனைப் போகவும் வரவும் ஓட்டலாம். வேகனின் மேல் எழுதும் உரிமையாளர் குறியெழுத்துகளில் மட்டும் கவனம்: யுஎஸ்என்எக்ஸ் கடற்படை வேகன், எம்ஹெச்ஏஎக்ஸ் சுரங்கத் துறையின் வேகன். வண்ணத்தை, நீங்கள் காட்டும் ஆண்டில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.