அம்மாவின் 11 மாத்திரைகள்

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. ரத்தக்கொதிப்புக்கு ஒரு டாக்டர், மூட்டுவலிக்கு ஒருவர், தூக்கத்துக்கு இன்னொருவர் என்று தினமும் 11 மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதமாகக் கால் வீங்குகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. டாக்டரோ நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் சீட்டு எழுதிவிடுகிறார். வெளியே வந்தால் அவர் சொன்னதில் பாதி நினைவில் இல்லை. டாக்டரை மாற்றிவிடலாமா?

பதில்: டாக்டரை மாற்றுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்த மூவரில் யாராவது ஒருவர் 11 மாத்திரைகளையும் மொத்தமாகப் பார்த்திருக்கிறாரா? உங்கள் கடிதத்தைப் படித்தால் இல்லை என்றே தோன்றுகிறது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

ரத்தக்கொதிப்புக்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அது மாத்திரையால் வந்தது என்று தெரியாவிட்டால், வீக்கத்துக்கென்று சிறுநீர் பிரிய ஒரு மாத்திரை சேரும். அதனால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். உடனே தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை! மூட்டுவலிக்குத் தரும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை ரத்தக்கொதிப்பையே ஏற்றக்கூடியவை. வயதானவர்களுக்குத் தூக்க மாத்திரையாலும் தள்ளாட்டம் வரும், கீழே விழும் ஆபத்தும் கூடும். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி அடுத்த மருந்தை எழுதும் இந்தச் சங்கிலியைப் பற்றி முதியோர் மருத்துவர்கள் 1990களிலிருந்தே எச்சரித்து வருகிறார்கள்.

உங்கள் அம்மாவுக்கும் இதுதான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. இதயம், சிறுநீரகக் கோளாறுகளாலும் கால் வீங்கும். அதனால் நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரையையும் சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளையும் திடீரென்று விட்டால் வேறு தொல்லை வரும். மூச்சுத் திணறினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.

மற்றபடி, வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், கடையில் நீங்களாக வாங்கியதையும் சேர்த்து, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எந்த மாத்திரை எப்போது தொடங்கியது, வீக்கம் எப்போது வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது, ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயர்களில் மூன்று வாரம் சாப்பிட்டார். அட்டையில் இருந்த சின்ன எழுத்தை அக்கா படித்திருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அன்று முதல் இந்தப் பை விஷயத்தில் நான் பிடிவாதக்காரி.

பேச விடுவதில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. 1984-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். 2002-இல் சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் கேட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள் சராசரியாக 92 விநாடியில் தாங்களே முடித்துக்கொண்டார்கள். ஒன்றரை நிமிடம்தான்! டாக்டர்கள் இதைத் தர வேண்டும் என்று நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். அது வரைக்கும் உங்கள் முதல் வாக்கியத்தில் முக்கியமானது இருக்கட்டும்: "இரண்டு மாதமாகக் கால் வீங்குகிறது, தலை சுற்றுகிறது. இந்த மாத்திரைகளில் ஏதாவது காரணமாக இருக்குமா? எதையாவது குறைக்க முடியுமா?"

எழுந்து வருவதற்கு முன், "நான் புரிந்துகொண்டது சரியா பாருங்கள், டாக்டர்" என்று அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இன்னொன்று, அம்மா பக்கத்தில் இருக்கும்போது அவருக்காக நீங்களே எல்லாம் பேசிவிடாதீர்கள். எழுந்ததும் சுற்றுகிறதா, படுத்தாலும் சுற்றுகிறதா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

சரி, டாக்டரை மாற்றலாமா? மூவரில் பொறுமையாகக் கேட்பவர் யாரோ அவரிடம் முழுப் பட்டியலையும் ஒப்படையுங்கள். மற்ற இருவரும் எதை மாற்றினாலும் இவரிடம் சொல்லிவிடுங்கள். பையைத் திறந்துகூடப் பார்க்க மாட்டேன் என்பவரைத் தயங்காமல் மாற்றலாம்.