உதை குறைந்த துப்பாக்கியும் மானுக்கான தோட்டாவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 47. என் கணவர் பல ஆண்டுகளாக .30-06 என்ற தோட்டா வகைக்கான ஒரு துப்பாக்கி வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு சுடுதளத்தில் அதை ஐந்து முறை சுட்டேன். ஒரு வாரம் தோள் கன்றிப்போய்க் கிடந்தது. இப்போது விசையில் விரலை வைத்தாலே கண் தானாக மூடிக்கொள்கிறது. வரும் ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் வட ஜூலூலாந்தில் ஒரு பண்ணைக்கு, மான்போன்ற இம்பாலாவை வேட்டையாடப் போகிறோம். உதை குறைந்த துப்பாக்கி ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். கடைக்காரர் .243 என்கிறார். கணவரின் நண்பர் 6.5 கிரீட்மூர் என்கிறார். என் மாமாவோ, இருக்கிற துப்பாக்கிக்கே லேசான குண்டு போட்டுச் சுடு, வீண் செலவு எதற்கு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, டோங்காட்)

பதில்: சகோதரி, உங்கள் மாமாவிடமிருந்தே தொடங்குகிறேன், ஜூலைக்குள் நடக்கக்கூடியது அவர் சொன்னது ஒன்றுதான். புதுத் துப்பாக்கிக்குத் தகுதிச் சான்றிதழும் உரிமமும் வாங்கிக் கைக்கு வருவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். கணவரின் துப்பாக்கியை, அவர் பக்கத்திலேயே நின்று நேரடியாகக் கண்காணிக்கும்போது, நீங்கள் சுடுவதற்கு 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இடம் தருகிறது. ஒரே வீட்டில் வசிப்பவர் என்ற முறையில் அதே துப்பாக்கிக்கு உங்கள் பெயரில் கூடுதல் உரிமம் கேட்டும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் லேசான குண்டு மட்டும் போதும் என்பது கணக்கில் நிற்காது. ஒரு தோட்டாவில் பித்தளை உறை, அதற்குள் வெடிமருந்து, முனையில் பறந்துபோகும் குண்டு என்று மூன்றும் உண்டு. குண்டும் எரிந்த மருந்தின் வாயுவும் முன்னே பாயும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. துப்பாக்கியின் எடை கூடக்கூடத் தோளுக்கு வந்து சேரும் ஆற்றல் குறையும். குறிபார்க்கும் ஸ்கோப்போடு 3.6 கிலோ எடையுள்ள துப்பாக்கி என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கில், 180 கிரெயின் குண்டு போட்ட .30-06 ஏறக்குறைய 30 ஜூல் உதைக்கிறது. (ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம்.) அதிலேயே 130 கிரெயின் குண்டைப் போட்டு முழு மருந்தில் சுட்டால் 22 ஜூலுக்கு இறங்கும், அது 150 கிரெயின் குண்டு போட்ட .308 வகைத் துப்பாக்கியின் உதைக்குச் சமம், உங்கள் தோளுக்கு இன்னும் அதிகம். குண்டையும் குறைத்து மருந்தையும் குறைத்து, 125 கிரெயின் குண்டை வினாடிக்கு 800 மீட்டர் அளவில் அனுப்பினால் 14 ஜூலுக்கு வந்துவிடும். இது ஒரு .243இன் உதைதான். எனவே மாமா சொன்ன வழி நல்ல வழியே. அவர் சொல்லாமல் விட்டது மருந்தின் பங்கை மட்டும்.

மருந்தைக் குறைப்பதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மெதுவாக எரியும் மருந்தை விருப்பம்போலப் பாதியாக்கி உறையில் போட்டால், குழலுக்குள் அழுத்தம் எதிர்பாராத அளவுக்கு எகிறித் துப்பாக்கியே உடையலாம். கையால் தோட்டா நிரப்பத் தெரிந்த ஒருவரிடம், மருந்துத் தயாரிப்பாளரின் அச்சிட்ட கையேட்டில் குறைந்த வேகத்துக்கென்றே கொடுத்திருக்கும் அளவுப்படி நிரப்பித் தரச் சொல்லுங்கள். அந்த வேகத்திலும் முனை விரியக்கூடிய மென்முனைக் குண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கோப்பைப் புதிய தோட்டாவுக்கு மறுபடி சரிசெய்ய வேண்டும். 150 மீட்டருக்கு அப்பால் சுட வேண்டாம். ஜூலூலாந்தின் முட்புதரில் அதைவிடத் தூரமாக ஒரு இம்பாலா தெளிவாகத் தெரிவதே அபூர்வம்.

கண் மூடிக்கொள்ளும் பழக்கத்துக்குத் தோட்டாவை மாற்றினால் மட்டும் தீர்வு வராது. சுடுதளத்தில் உங்கள் கணவரை ஒன்று செய்யச் சொல்லுங்கள். துப்பாக்கியை அவர் வாங்கி, நீங்கள் பாராதபோது சில நேரம் உண்மைத் தோட்டாவும் சில நேரம் வெடிக்காத பயிற்சித் தோட்டாவும் போட்டுத் தரட்டும். பயிற்சித் தோட்டா உள்ளே இருக்கும்போது ‘டக்’ என்ற ஓசை மட்டும் கேட்கும். அந்த நொடியில் குழலின் நுனி கீழே குனிவதையும், உங்கள் தோள் முன்னே தள்ளுவதையும், நீங்கள் மறுக்க முடியாதபடி நீங்களே காண்பீர்கள். எனக்கு முதன்முறை அதைச் செய்து காட்டியவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படிப் பத்து முறை ‘டக்’ கேட்டும் நுனி அசையாத நாளில்தான் உண்மைத் தோட்டாவின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஒரு நாளில் பதினைந்துக்கு மேல் வேண்டாம். காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் காதுக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பலருக்கும் தோளைவிட ஓசைதான் கண்ணை மூடவைக்கிறது. நம் நாட்டு வேட்டைப் பண்ணைகளில் ஒலி குறைக்கும் குழாய் பொருத்திய துப்பாக்கிகள் மிகச் சாதாரணம். அது ஓசையோடு உதையையும் கணிசமாகக் குறைக்கிறது. துப்பாக்கியைத் தோளில் அண்டவைக்கும் கட்டை உங்கள் கைக்கு நீளமாக இருந்தால் அதைக் குறைத்து, பின்னால் மெத்தென்ற ரப்பர் அட்டையும் வைத்துத் தரச் சொல்லுங்கள். ஆண்களின் கை அளவுக்குச் செய்த கட்டை தோளின் மூட்டு எலும்பில் போய் அமர்வதால்தான் பாதிக் கன்றல் வருகிறது.

இனி, அடுத்த ஆண்டுக்காக வாங்குவதானால் எது? .243 வின்செஸ்டர் 1955இல் வந்தது; .308இன் உறையைக் கழுத்தில் ஒடுக்கிச் செய்தது. 100 கிரெயின் குண்டோடு 13 ஜூல்தான் உதைக்கும். 200 மீட்டரிலும் அந்தக் குண்டில் 1,700 ஜூலுக்கு மேல் மிச்சமிருக்கும். 2007இல் வந்த 6.5 கிரீட்மூர் 140 கிரெயின் குண்டைச் சுடுகிறது. உதை 17 ஜூல். காற்றடிக்கும் காரூ என்னும் வறண்ட வெளியில் 250 மீட்டரில் ஸ்பிரிங்பக் சுடப் போகிறவருக்கும், எப்போதாவது 100 கிலோவைத் தாண்டிய ஆண் நியாலாவைக் குறிவைப்பவருக்கும் நான் கிரீட்மூரைச் சொல்வேன். 55, 60 கிலோ இம்பாலாவைப் புதருக்குள் 100 மீட்டரில் சுடப் போகிற, ஏற்கெனவே உதைக்கு அஞ்சியிருக்கிற உங்களுக்குக் கடைக்காரர் சொன்ன .243தான் பொருத்தம். கணவரின் நண்பர் மனம் வருந்தினால், கிரீட்மூர் செய்வதையெல்லாம் 1894 முதல் 6.5×55 சுவீடன் தோட்டா செய்துவருகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுங்கள்.

ஆனால் .243 வாங்குகிறவர் பெட்டியின்மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் தோட்டா வாங்கக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கடையில், 58 கிரெயின் குண்டு போட்ட பெட்டியைக் காட்டி, வேகம் அதிகம், மானுக்கும் ஆகும் என்றார்கள். நானும் உதை இன்னும் குறையுமே என்று வாங்கினேன். ம்குசே பக்கத்தில் 80 மீட்டரில் நின்ற ஓர் ஆண் இம்பாலாவின் தோளில் குண்டு சரியாகத்தான் பட்டது. அது துள்ளி ஓடியது. மூன்று மணி நேரம் சுவடு பார்த்து நடந்த பிறகுதான் மறுபடி சுட்டு முடிக்க முடிந்தது. தோலை உரித்தபோது உள்ளங்கை அகலத்துக்குச் சதை கூழாகியிருந்தது. அதில் கடுகு தூவியதுபோல் ஈயத்துணுக்குகள். தோள் எலும்புக்கு அப்பால் ஒன்றுகூடப் போகவில்லை. அந்தக் குண்டு நரி போன்ற சிறு விலங்கில் பட்டதும் சிதறுவதற்கென்றே செய்தது. தவறு தோட்டாவில் இல்லை, என்னிடம்.

ஆகவே .243இல் 95 அல்லது 100 கிரெயின் எடையில், மேலே மூடிய உலோகமும் உள்ளே உள்ள ஈயமும் பிணைந்து நின்று அடக்கமாக விரியும் குண்டையே கேளுங்கள். முழுச் செம்புக் குண்டு என்றால் 80, 85 கிரெயினே போதும். அது சிதறுவதில்லை, எடையைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்துக்கொண்டு ஊடுருவும், இறைச்சியில் ஈயமும் சேராது. பில்டாங் என்ற உலர்ந்த இறைச்சி போடுகிற வீட்டில், அதுவும் குழந்தைகள் இருந்தால், இது சிறிய விஷயமில்லை. செம்பு ஈயத்தைவிட லேசான உலோகம் என்பதால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலைகுலையாமல் பறக்கக் குழலின் உட்புரி வேகமாகச் சுற்ற வேண்டும். .243 துப்பாக்கிகளில் வழக்கமாக 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும். இந்தச் சுற்றை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. .243 வந்த அதே 1955இல் ரெமிங்டன் நிறுவனம் .244 என்ற தோட்டாவைக் கொண்டுவந்து, துப்பாக்கிக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான சுற்று வைத்தது. 100 கிரெயின் மான் குண்டு அதில் நம்பிக்கையாக நிலைகொள்ளாது என்று பேர் வந்துவிட்டது, வாங்க வந்தவர்கள் .243 பக்கம் திரும்பினார்கள். 1963இல் அதே தோட்டாவை 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று பெயர் மாற்றி 9 அங்குலச் சுற்றோடு விற்றும் போன இடம் திரும்பவில்லை.

இன்னொன்று. இறக்குமதிப் பெட்டிகளில் ‘மான் தோட்டா’ என்று போட்டிருப்பது அமெரிக்க வெண்வால் மானை எண்ணி. நம் நாட்டில் இயற்கையாக மான் இனமே கிடையாது. இங்கே இருப்பவை கொம்பு கிளைக்காத, உதிராத இனங்கள், பழந்தமிழில் இரலை என்பார்களே, அந்த வகை. எடை ஒத்துப்போவதால் தோட்டா ஒத்துப்போகும். குறி ஒத்துப்போகாது. இம்பாலாவின் இதயம் முன்னங்கால்களுக்கு நடுவே தாழ்வாக இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நேர்கோட்டில், உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். தோளுக்கு நன்றாகப் பின்னால் சுட்டவர்கள் மாலை முழுவதும் சுவடு தேடிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: என் தாத்தா விட்டுச்சென்ற 7×57 மவுசர் துப்பாக்கியை என் பெயருக்கு உரிமம் மாற்றிவிட்டேன். அதோடு ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய தோட்டாக்களும் உள்ளன. உதை குறைவு என்கிறார்கள். அந்தத் தோட்டாக்களையே ரீட்பக் வேட்டைக்குப் பயன்படுத்தலாமா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: துப்பாக்கி சரி ஐயா, தோட்டா வேண்டாம். 1892இல் உருவான இந்தத் தோட்டா இன்றைக்கும் உதைக்கும் பலனுக்கும் நடுவே மிக நல்ல ஒரு சமநிலையில் நிற்கிறது. 140 கிரெயின் குண்டோடு கிரீட்மூரின் அளவே உதைக்கும். உங்கள் ஊரிலிருந்து வடக்கே போனால் கொலென்சோ, ஸ்பியன் கோப் போர்க்களங்கள். 1899, 1900ஆம் ஆண்டுகளில் அங்கே பிரிட்டிஷாரை எதிர்த்து, டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்கள் சுட்டது இந்தத் தோட்டாவைத்தான். அது வீழ்த்திய பிரிட்டிஷ் வீரர்களைத் தூளியில் சுமந்தவர்கள் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினர், ஏறக்குறைய 1,100 பேர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். நம் குடும்பங்களில் சிலவற்றுக்கு 7×57 அந்த வழியாகத்தான் அறிமுகம்.

பெட்டியில் இருப்பவற்றுள் முனை வரை உலோகம் மூடியவை படைத்தோட்டாக்கள். அவை விரியாமல் ஊசிபோல் துளைத்துப் போய்விடும், விலங்கு வெகுதூரம் ஓடிச் சாகும். மென்முனை போட்டவையாக இருந்தாலும், அத்தனை பழைய பித்தளையின் கழுத்து வெடித்திருக்கலாம், மருந்தைப் பற்றவைக்கும் எரிகுப்பியின் ரசாயனம் குழலை அரிக்கவும் கூடும். ஒன்றிரண்டைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கழுத்தில் மயிரிழை போலக் கோடு தெரிந்தால் வேறு சாட்சி வேண்டாம். அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். துப்பாக்கியைச் சுடுமுன் ஒரு நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் தோட்டா அமரும் இடைவெளியையும், அதைப் பின்னாலிருந்து அடைக்கும் பூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 1898க்கு முந்தைய மவுசர் பூட்டு 1898 மாதிரியைவிட வலுக் குறைந்தது. அது என்ன மாதிரி என்று தெரியும்வரை, தொழிற்சாலையில் மிதமாக நிரப்பிய 140 அல்லது 150 கிரெயின் மென்முனைத் தோட்டா மட்டும் போடுங்கள். யாராவது வேகத்தைக் கூட்டி நிரப்பித் தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். 60, 70 கிலோ ரீட்பக்குக்கு அந்த வேகம் தேவையே இல்லை. சாதாரண உரிமத்தில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாதான் வைத்திருக்கலாம் என்பதையும் பெட்டியை எண்ணும்போது நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, ஒல்லியானவன். முதல் இம்பாலாவுக்கு என்னுடைய .223 போதுமா? உதையே இல்லையே. (வாசகர், ஸ்டேங்கர்)

பதில்: போதாது. 55 கிரெயின் குண்டை வைத்து டைக்கர் போன்ற சிறிய இரலையைச் சுடலாம். இம்பாலாவின் தோளெலும்பை நம்பி ஒரு சிறுவனின் கையில் கொடுக்க மாட்டேன். முதலில் .22இல் அவன் 50 மீட்டரில் ஒரு டீக் கோப்பைத் தட்டின் அளவுக்குள் தொடர்ந்து போடட்டும். பிறகு யாருடைய .243ஐயாவது, அதன் உரிமக்காரர் பக்கத்தில் நின்று கண்காணிக்க, பயிற்சித் தோட்டா கலந்து சுட வையுங்கள். எடை கூடிய துப்பாக்கியாகப் பாருங்கள். சுமக்கச் சிரமம் என்பான், நடக்கும்போது நீங்கள் சுமந்துகொள்ளலாம்.